ஆயிரம் பாகம் வாய்க்கால்

பிரகதீஸ்வரி என்ற பெயரைப் பூவம்மாள் முதன்முதலாகக் கேட்டது மன்னார்குடி பஸ் நிலையத்தில், ஒரு தேங்காய் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு. பட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார், அண்ணன் வீட்டுக்கென்று நூறு காய் உரித்துக் கட்டிக்கொண்டு வந்திறங்கியிருந்தாள். புங்கஞ்சேரி பஸ் வர ஒரு மணி நேரம் இருந்தது.

"சதீஷுக்கு ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேன் அண்ணி. தஞ்சாவூரு பக்கம். பேரு பிரகதீஸ்வரி."

"பேரே பெரிய கோயில் கணக்கா இருக்கு. பொண்ணு எவ்ளோ உசரம்?"

"உசரம் நம்ம உசரந்தான். ஆனா ஒரு எடத்துல உக்காராது."

"காலு கையில ஏதும் கோளாறா?"

"அதெல்லாம் இல்ல அண்ணி. ஒரு வேலை கையில இருக்கும்போதே கண்ணு அடுத்த வேலையத் தேடும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று நாத்தனார் லேசாகச் சொல்லிவிட்டாள். பெண் பார்க்கப் போனபோது பூவம்மாள் கண்ணாலேயே கண்டுகொண்டாள். காப்பியைக் கொடுத்த பெண், மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாளோ இல்லையோ, அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு ஆடுவதைப் பார்த்துவிட்டாள். உள்ளே போய்ப் பழைய அட்டையை நாலாக மடித்து எடுத்து வந்து, குனிந்து, பெஞ்சின் காலுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் போனாள். மகன் சதீஷ் சிரித்துவிட்டான். சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிந்துபோயிற்று.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் பிரகதி தொடங்காத வேலை இல்லை. முதலில் தையல். பிறகு மன்னார்குடிக்குப் போய்த் தட்டச்சு. பிறகு மாட்டுக்கொட்டகையில் பாதியை மறித்துக் காளான். ஒரு வருஷம் ஆட்டுக்குட்டி, ஒரு வருஷம் மெழுகுவர்த்தி. ஒவ்வொன்றையும் காலண்டரில் தேதி குறித்துத்தான் தொடங்குவாள். மூன்றாம் மாதத்து ஏடு கிழிபடும்போது அதுவும் கூடவே போய்விடும். ஊரில் அவளுக்கு 'ஆரம்பம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஆரம்பம் வருது பாரு" என்பார்கள் ரேஷன் கடை வரிசையில். காதில் விழுந்தாலும் விழாத மாதிரி நிற்பாள். பூவம்மாளுக்குத்தான் சுருக்கென்று இருக்கும். வீட்டுக்கு வந்து தானும் அதையேதான் சொல்லிக்காட்டுவாள் என்பது வேறு விஷயம்.

புங்கஞ்சேரி கடைமடை. கோரையாற்றில் பிரியும் தலைப்பிலிருந்து அரசடி வாய்க்கால் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து, கடைசியாக நனைக்கிற வயல் இவர்களுடைய நாலு மா, ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அதற்குக் கீழே கொஞ்ச தூரம் போனால் வடிகால். வடிகாலுக்கு அப்பால் உப்புக்காற்று. மேலே உள்ளவர்களில் வசதியானவர்கள் போர் போட்டு மோட்டார் வைத்துக்கொண்டார்கள். இவர்கள் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். வாய்க்கால் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் தரிசு.

இரண்டு வருஷமாகத் தரிசுதான். வாய்க்கால் முழுக்க வெங்காயத்தாமரை பாய் விரித்த மாதிரி கிடந்தது. கரை இரண்டிலும் காட்டாமணக்கு. தூர்வாரும் மெஷின் ஆற்றையும் பெரிய வாய்க்காலையும் வாரிவிட்டுத் திரும்பிப் போனது. நூறு நாள் வேலைக்காரர்களுக்கு அந்த வருஷம் குளத்தில் வேலை. சதீஷ் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

சித்திரைக் கடைசியில் அவன் போனில் சொன்னான்:

"ஆடிப்பெருக்கு வரைக்கும் பாப்போம். வயலுக்குத் தண்ணி வந்தா இரு. வரலேன்னா வீட்டப் பூட்டிட்டு மூணு பேரும் கெளம்பி வந்துடுங்க. அதுக்கு மேல போனா புள்ளைக்கு இங்க ஸ்கூல்ல எடம் கெடைக்காது."

மூன்று பேரில் ஒருத்தி பூவம்மாள். பேத்தி சுடர்விழிக்கு ஆறாம் வகுப்பு. எங்கே போனாலும் இருந்துகொள்வாள். பூவம்மாள் ஒரு முறை திருப்பூர் போய்ப் பத்து நாள் இருந்தவள். ஒரே அறை. கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு. பேச்சுத்துணைக்கு ஒரு சொந்தம் கிடையாது, முறை சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது. பதினோராம் நாள் அவளே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

பிரகதி போனை வைத்தாள். மறுநாள் காலையில் மாட்டுக்கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனவள் மத்தியானம்தான் வந்தாள்.

"எங்கடி போன?"

"வாய்க்கால அளந்தேன் அத்தை. தலைப்புலேர்ந்து நம்ம மடை வரைக்கும் ஆயிரம் பாகம்."

இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அவள் கயிற்றைப் பத்துப் பாகத்துக்கு அளந்து முடிச்சுப் போட்டு, கரையோரமாக நூறு முறை போட்டு எடுத்திருக்கிறாள். நூறாவது முறை அவர்கள் வயல் வரப்பில் வந்து முடிந்ததாம். ஏதோ தெய்வமே அளந்து கொடுத்த மாதிரி சொன்னாள்.

"அளந்து?"

"வெட்டப்போறேன். வைகாசி பத்துல ஆரம்பிச்சா ஆடிப்பெருக்குக்கு எழுபது நாள் இருக்கு. நாளுக்குப் பதினஞ்சு பாகம்."

பூவம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "காளான் மூணு மாசம் வந்துச்சு. இது எத்தன நாளு வரும்?"

"எழுபது நாளுதான் அத்தை வேணும். அதுக்கு மேல நீங்களே கேட்டாலும் செய்யமாட்டேன்."

காலண்டரில் வட்டம் போட்டாள். வட்டத்தைப் பார்த்த பூவம்மாள் முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். இந்தப் பெண்ணின் வட்டங்கள் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வெட்டுவ?"

"தலைப்புலேர்ந்துதான்."

"அதான் வெவரம் இல்லேங்கறது. வாய்க்கா வெட்டுறவன் கடையில ஆரம்பிச்சுத் தலைக்குப் போகணும். அப்பத்தான் தேங்கி நிக்கிற தண்ணி வடிஞ்சு வேலை சுளுவா நடக்கும். உன் மாமனார் நாப்பது வருஷம் அப்படித்தான் வெட்டுனாரு."

பிரகதி கொஞ்சம் யோசித்தாள். மாமனார் பெயரைச் சொன்ன பிறகு அவள் மறுத்துப் பேசுவதில்லை. சரி என்றாள்.

வைகாசி பத்தாம் தேதி விடிகிற நேரத்தில் கொக்கித் தடியும் அரிவாளுமாகப் போனாள். இடுப்பளவு சேற்றில் இறங்கி, தடியால் தாமரையை வளைத்து இழுத்து, கரையில் தூக்கிப் போட வேண்டும். ஈரத்தோடு அது ஈயமாகக் கனக்கும். மூன்றாம் நாள் அவளால் சோற்றைப் பிசைய முடியவில்லை, கரண்டியால் சாப்பிட்டாள். ஐந்தாம் நாள் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஏழாம் நாள் காலையில் பாயை விட்டு எழவில்லை. கண்ணை விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

வந்துவிட்டது மூன்றாம் மாதம், ஏழாம் நாளிலேயே, என்று நினைத்துக்கொண்டு பூவம்மாள் காப்பியை வைத்தாள். அப்போது பிரகதி பெருமூச்சு விட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"கயிறு அங்க கெடக்கு அத்தை."

"என்ன கயிறு?"

"அளவு கயிறு. தெனம் விட்ட எடத்துல கட்டிட்டு வந்துடறேன். போய் எடுக்கலேன்னா எவனாவது ஆட்டுக்குக் கட்டிடுவான்."

"வேணும்னேதான் விட்டுட்டு வரியா?"

"வீட்டுக்குக் கொண்டுவந்தா நான் திரும்பப் போகமாட்டேன்னு எனக்கே தெரியும்."

பூவம்மாளுக்கு அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. ஊர் வைத்த பெயரை ஊரைவிட நன்றாக அறிந்தவள் இவள்தான். தன்னையே ஒரு வெள்ளாடு மாதிரி கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறாள்.

இருபதாம் நாள் முந்நூறு பாகம் வந்திருந்தது. அவர்கள் வயலுக்கு மேலே வாய்க்கால் வாய்க்கால் மாதிரி தெரிந்தது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூவம்மாள் பார்த்துவிட்டு வந்தாள். எதிரில் வந்த பஞ்சநதம், நடு ஊரில் மூன்று மா வைத்திருப்பவர், நின்று கேட்டார்:

"என்னக்கா, உங்க ஆரம்பம் இன்னும் ஆரம்பத்துலயேதான் இருக்கா?"

"முந்நூறு பாகம் ஆச்சு. போய்ப் பாரு."

"பாத்தேன் பாத்தேன். சும்மா கேட்டேன்."

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் மேற்கே கறுத்தது. கோடை மழை. மூன்று மணிக்குத் தொடங்கி இருட்டுகிற வரைக்கும் கொட்டியது. மழையென்றால் சந்தோஷப்படுகிற பூமிதான். கொட்டகையில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றார்கள். மறுநாள் காலையில் வாய்க்காலுக்குப் போன பிரகதி பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். அரிவாளைச் சுவரில் மாட்டினாள்.

பூவம்மாள் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தாள். மேலே வெட்டாமல் கிடந்த எழுநூறு பாகத்துத் தாமரையும் மழைத்தண்ணீரில் கிளம்பி, மிதந்து வந்து, கீழே வெட்டிவிட்ட முந்நூறு பாகத்தில் அடைத்துக்கொண்டு நின்றது. முன்னைவிட நெருக்கமாக. மேலே ஒரு கொக்கு நடந்து போனது, கால்கூட நனையவில்லை.

கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள் பூவம்மாள். அவள் புருஷன் காலத்தில் வாய்க்காலில் தாமரை கிடையாது, வெட்டியது மண். மண் இடம்விட்டு நகராது. இது மிதக்கிற பூண்டு. தலையில் இருப்பது கடைக்கு வராமல் என்ன செய்யும்? சின்னக் குழந்தைக்கும் தெரிகிற சங்கதி. தலைப்பிலிருந்து தொடங்குவேன் என்று அந்தப் பெண் சரியாகத்தான் சொன்னாள்.

இரண்டு நாள் வீட்டில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பிரகதி பாத்திரங்களைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அலமாரியைக் கலைத்தாள், அடுக்கினாள், மறுபடி கலைத்தாள். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். பூவம்மாளுக்கு அந்த எண்ணெய் வாடைதான் பெரிய பயமாக இருந்தது. அடுத்ததைத் தொடங்கிவிடுவாளோ. அல்லது அலமாரியை அடுக்குவது மூட்டை கட்டத்தானோ. இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். மூன்றாம் நாள் டிவியில் மேட்டூர் திறந்துவிட்டார்கள். மதகு வழியாக வெள்ளையாகத் தண்ணீர் பாய்ந்தது. இருவரும் நின்றபடியே பார்த்தார்கள்.

"நான் சொன்னது தப்பு" என்றாள் பூவம்மாள், டிவியைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சா ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க ரெண்டு நாள் சாப்பிடமாட்டீங்க. அப்புறம் உங்களக் கெஞ்சுறது யாரு?"

"இப்ப மட்டும் சாப்பிட்டனா?"

"அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்." பிரகதி சுவரிலிருந்த அரிவாளைப் பார்த்தாள். "கயிறு எங்க போச்சுன்னு தெரியல. தாமரைக்கு அடியில இருக்கும்."

"கயிறுதான? கொட்டகையில இன்னொண்ணு கெடக்கு."

மறுநாள் தலைப்பில் தொடங்கினாள். மறுபடி ஆயிரம் பாகம். மிச்சம் இருப்பது நாற்பத்தைந்து நாள். நாளுக்கு இருபத்திரண்டு பாகத்துக்கு மேல். ஒற்றை ஆளால் ஆகாது. வாய்க்காலை நம்பியிருந்தவர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்றாள். வாய்க்கால் முழுக்க வாருங்கள் என்று கேட்கவில்லை. "உங்க வயலு எவ்வளவு நீளமோ, அவ்வளவு மட்டும் வந்து எறங்குங்க" என்று கேட்டாள். எழுபது பாகம், ஐம்பது பாகம் என்று கயிறு போட்டு அளந்து காட்டினாள். ஆயிரம் என்றால் வாயைப் பிளந்திருப்பார்கள். ஐம்பது என்றதும் மறுக்க வழி இல்லாமல் போயிற்று. சிலர் வந்தார்கள். சிலர் ஆள் அனுப்பினார்கள்.

ஆனால் தலைப்பில் முதல் நூற்றைம்பது பாகம் செல்லதுரையுடையது. அவனுக்கு இரண்டு போர். வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. அதுமட்டுமில்லை. டிராக்டர் போக வழி வேண்டுமென்று வாய்க்காலின் குறுக்கே மண்ணைக் கொட்டி, நடுவில் ஒரு சிமெண்டுக் குழாயைப் போட்டு வைத்திருந்தான். பானைக்குள் கையை விடுகிற அளவுதான் அதன் வாய். அதிலும் பாதி தூர்ந்து கிடந்தது.

பிரகதி கேட்டுப் பார்த்தாள். "அத்தான், அந்தக் கொழாய மட்டும் பெரிசாப் போட்டுக் குடுங்களேன்."

"பாப்போம்மா. இப்ப ஆள் கெடைக்கல. அறுவடை முடியட்டும்."

"எந்த அறுவடை அத்தான்?"

"தை மாசத்து அறுவடைதான்."

அவள் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொல்லிக்காட்டினாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சோற்றில் கை அளைந்துகொண்டே இருந்தது.

பூவம்மாள் இரண்டு நாள் யோசித்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் சுற்றுவட்டத்தில் யார் யாருக்கு என்ன முறை, யார் கல்யாணத்தில் யார் மாலை எடுத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். செல்லதுரையின் அம்மாவும் இவளும் அக்கா தங்கை மக்கள். அவன் மகள் வானதிக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். ஒரு கவுளி வெற்றிலையும் கொஞ்சம் பூவும் வாங்கிக்கொண்டு வெயிலில் கிளம்பிவிட்டாள்.

"வா சின்னம்மா. என்ன இந்த வெயில்ல?" என்றான் செல்லதுரை.

"பேத்தியப் பாத்துட்டுப் போவலாம்னு. எங்க வானதி?"

வானதி வந்து தண்ணீர் கொடுத்தாள். பூவை வைத்துவிட்டுப் பூவம்மாள் கேட்டாள்: "கல்யாண மாலையெல்லாம் பத்திரமா வச்சிருக்கியாடி?"

"வச்சிருக்கேன் அப்பாயி. ரெண்டும் காஞ்சு போச்சு."

"காயட்டும். ஆடிப்பெருக்குக்கு ஓடற தண்ணியில விடறதுக்குத்தான அது. எங்க விடப்போறீங்க?"

"ஆத்துக்குக் கார்ல போயிட்டு வந்துடலாம்னு இருக்கோம்" என்றான் செல்லதுரை.

"ஏன், உன் வீட்டுப் படித்துறை என்ன ஆச்சு? உங்க அம்மா மாலைய விட்டது அங்கதான். எனக்கு ஞாபகம் இருக்கு, உங்க அம்மா கால் வழுக்கிடுச்சு, நான்தான் கையப் புடிச்சேன். உன் பொண்டாட்டி மாலையும் அங்கதான் விட்டோம். அது கடல் வரைக்கும் போச்சு, நீயும் நல்லாத்தான் இருக்க."

"தண்ணி வந்தா இங்கயே விடலாம் சின்னம்மா. வரணுமே."

"ஆத்துல வந்துடுச்சு. தலைப்பத் தெறந்தா வாய்க்காலுக்கு வரும். என் மருமக உன் படித்துறையத் தாண்டி வெட்டிட்டா. நான் அதுக்குச் சொல்லல." பூவம்மாள் வெற்றிலையைத் தொடையில் தடவி நரம்பு கிள்ளினாள். "மாலை படித்துறையிலேர்ந்து கெளம்பி முப்பது பாகம் போகும். அங்க உன் கொழாய் இருக்கு. பொண்ணோட மாலை, அப்பன் போட்ட கொழாய்ல போய் முட்டிக்கிட்டு நிக்கும். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. பாக்கறவங்க நாலு விதமாப் பேசுவாங்க."

வானதி அப்பாவைப் பார்த்தாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. செல்லதுரையின் மனைவி கதவுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள் என்று பூவம்மாளுக்குத் தெரிந்தது.

"சின்னம்மா, நீ பொண்ணப் பாக்க வந்தியா, என் கொழாயப் பாக்க வந்தியா?"

"ரெண்டும் ஒரே வழியிலதான இருக்கு."

மறுநாளே பொக்லைன் வந்தது. குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பனைமரத்தைப் பிளந்து பாலமாகப் போட்டார்கள். வந்த வண்டி சும்மா போகவேண்டாம் என்று அவன் வயல் நீளத்துக்கு அடியில் கிடந்த சேற்றையும் வாரிவிட்டது. பிரகதி வீட்டுக்கு வந்து, "அத்தான் மனசு மாறிட்டாரு அத்தை, என்னன்னே தெரியல" என்றாள். பூவம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், கரைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆடி ஐந்தாம் தேதி தலைப்பைத் திறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பிரகதிக்கு உண்மையான கஷ்டம் வந்தது. வாய்க்கால் வெட்ட வந்தவர்கள், தண்ணீர் அவரவர் மடையைத் தொட்டதும் ஒவ்வொருவராகக் கரையேறிவிட்டார்கள். நாற்று விட வேண்டும், உழ வேண்டும். அவர்கள் பேரிலும் தப்பில்லை. அறுநூறாவது பாகத்தில் பஞ்சநதமும் காலைக் கழுவிக்கொண்டு மேலே வந்தார்.

"என் வயலுக்கு ஏறிடுச்சும்மா. அது போதும்."

"எனக்குப் போதாதே சித்தப்பா."

"அதுக்கு நான் என்ன பண்றது? கடைசியில நெலம் வாங்குனது உன் மாமனாரு."

மிச்சம் நானூறு பாகம். ஒன்பது நாள். இடுப்பளவு தாமரை. பின்னால் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவள் ஒரு பாகம் வெட்டினால் ஒரு பாகம் முன்னால் வந்தது. நாய்க்குட்டி மாதிரி காலைச் சுற்றியது. பூவம்மாளும் போய் நின்றாள். இறங்க முடியாது, கரையில் விழுந்த பூண்டைத் தள்ளிப்போட்டாள். சதீஷ் தினமும் போன் பண்ணுவான். "எவ்ளோ பாகம்?" என்பான். பிரகதி மொத்தக் கணக்கைச் சொல்லவே மாட்டாள். "இன்னிக்கு நாலு கயிறு" என்பாள். நாளைக்கு என்று கேட்டால், "நாளைக்குக் கயிற அவுக்கும்போது பாத்துக்கலாம்" என்பாள். அவன் ஒரு நாள், "லாரி சொல்லி வைக்கட்டுமா, சாமான் ஏத்த?" என்று கேட்டான். அன்றைக்கு அவள் ஐந்து கயிறு வெட்டினாள்.

பதினேழாம் தேதி இருட்டுவதற்குள் கடைசிக் கயிறு அவர்கள் மடையில் வந்து முடிந்தது. முன்னொரு நாள் தொலைந்துபோன பழைய கயிறும் தாமரையின் அடியிலிருந்து வந்தது. அழுகிப் போயிருந்தது. அதைக் கரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள்.

ஆடிப்பெருக்கன்று காலையில் தண்ணீர் மடையைத் தொட்டது. மஞ்சள் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி வைத்து, பூவம்மாளும் மருமகளும் பேத்தியும் அங்கேயே கும்பிட்டார்கள். சித்ரான்னத்தைக் கரையிலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். பிரகதி போனைத் தூக்கிப் பிடித்துச் சதீஷுக்குக் காட்டினாள்.

"எவ்ளோ தண்ணி?"

"கெண்டைக்கால்."

"வயல்ல ஏறுமா?"

"ஏறிக்கிட்டு இருக்கு. நல்லாப் பாருங்க, வரப்போரமா மினுமினுன்னு தெரியுதுல்ல."

"லாரிக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்" என்றான்.

அப்புறம் படுத்துத் தூங்கியிருக்கலாம். எழுபது நாள் தூக்கம் பாக்கி. ஆனால் பிரகதி மடையருகே நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றரை மணிக்கு அது வந்தது. முதலில் நாலைந்து இதழ். பிறகு ஒரு கல்யாண மாலை, நாரோடு, சம்பங்கி கறுத்து, சரிகை மட்டும் பளபளக்க, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வந்தது. கொஞ்சம் பின்னால் இன்னொன்று. காலையில் வானதியும் மாப்பிள்ளையும் படித்துறையில் விட்டது. ஆயிரம் பாகமும் எங்கேயும் நிற்காமல் வந்திருந்தது.

"வந்துடுச்சு பாத்தியா" என்றாள் பூவம்மாள்.

மாலை அவர்கள் மடையைத் தாண்டிப் போயிற்று. தாண்டிப் பத்தடி போய் நின்றுவிட்டது. அவர்கள் வயலுக்குக் கீழே, வடிகால் வரைக்கும் நாற்பது பாகம், வெங்காயத்தாமரை முன்பு போலவே கிடந்தது. அங்கே வயல் கிடையாது. அதை யாரும் வெட்டவில்லை, பிரகதியும் அளக்கவில்லை.

பூவம்மாள் கரையோரமாக நாலடி போய்ப் பார்த்தாள். செல்லதுரை வீட்டுக் குழாயைச் சொல்லிவிட்டு, இப்போது தங்கள் வயலடியிலேயே அந்தப் பெண்ணின் மாலை நிற்கிறது.

"அத்தை, மாலைய எடுத்துடலாமா?"

"தண்ணியில விட்ட மாலையக் கையால எடுக்கக் கூடாது."

"அப்ப?"

"அப்ப என்ன. நம்ம எல்லை முடிஞ்சுபோச்சு. நாளைக்கு ஆள் விட்டு..."

பிரகதி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். கொண்டைக்கு வைத்த பூவைக்கூட எடுக்கவில்லை. பூவம்மாள் கரையில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள், காதில் வாங்கவில்லை. கொக்கித் தடியை வீசி வளைத்து இழுத்தாள். சாப்பாட்டுக்கூடையோடு அந்த வழியாக வந்த பஞ்சநதம் நின்றார்.

"என்னம்மா, தண்ணிதான் வந்துடுச்சே. இன்னும் என்ன ஆரம்பிக்கற?"

"மாலை நிக்குது சித்தப்பா."

அவர் எட்டிப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நம்ம ஊர்ல நின்னுடக் கூடாது" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு இறங்கினார். அவரைத் தேடி வந்த அவர் தம்பியும் இறங்கினான். ஆறரைக்கு வடிகாலின் வாய் திறந்தது. இரண்டு மாலையும் ஒன்றின் பின் ஒன்றாக உள்ளே புகுந்து, கிழக்கே திரும்பி, கண்ணுக்கு மறைந்தன.

கரையேறிய பிரகதி சேறு சொட்டச் சொட்ட நின்று வடிகாலைப் பார்த்தாள். "இது எவ்ளோ பாகம் இருக்கும் அத்தை, கடல் வரைக்கும்?"

"வாய மூடிக்கிட்டு வீட்டுக்கு வா" என்றாள் பூவம்மாள்.

சதீஷ் இன்னமும் திருப்பூரில்தான் இருக்கிறான். பொங்கலுக்கு வந்து அறுவடை முடியும் வரைக்கும் இருந்துவிட்டுப் போனான். அடுத்த வைகாசியில் பிரகதி கயிற்றை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனபோது, செல்லதுரை மட்டும் கேட்காமலே ஆள் அனுப்பினான். மற்றவர்களை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. ஊர் இன்னும் அவளை 'ஆரம்பம்' என்றுதான் கூப்பிடுகிறது.

பிரகதீஸ்வரி இப்போது புங்கஞ்சேரியில் இருக்கிறாள். நாலு மாவில் சம்பா நட்டிருக்கிறாள்.